ஏழாவது ரீலின் செருப்புச் சத்தம்

பழைய படம் போட்டால் காலடியம்மா டிவிக்கு முதுகைக் காட்டித்தான் உட்காருவாள். வீட்டுக்குப் புதிதாக வருகிறவர்கள், பாவம், பார்வை போய்விட்டது போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வார்கள். பார்வைக்கு ஒரு குறையும் இல்லை. அறுபத்தெட்டு வயதில் கண்ணாடி இல்லாமல் ஊசியில் நூல் கோக்கிறவள் அவள். படத்தில் அவள் செய்திருக்கும் வேலை காதுக்குத்தான் கிடைக்கும் என்பதால், கண்ணை பீன்ஸ் நறுக்க அனுப்பிவிட்டுக் காதை மட்டும் டிவி பக்கம் வைத்திருப்பாள்.

அவள் வேலை நடப்பது. கதாநாயகி மாடிப்படி இறங்கி வருகிறாள், டக் டக்கென்று நமக்குக் கேட்கிறதல்லவா, அந்தச் சத்தம் படம் பிடிக்கும்போது ஒழுங்காகப் பதிவாகாது. பிற்பாடு ஒலிக்கூடத்தில் படத்தைத் திரையில் ஓடவிட்டு, அதைப் பார்த்தபடியே ஒரு ஆள் நடந்து, ஓடி, கதவைச் சாத்தி, டம்ளரை வைத்து, எல்லாவற்றையும் புதிதாகப் பதிவு செய்ய வேண்டும். சினிமாக்காரர்கள் அதை எஃபெக்ட்ஸ் என்பார்கள். முப்பத்தோரு வருஷம் காலடியம்மா அதைச் செய்தாள். கதாநாயகிக்கும் அவள்தான் கால், வில்லிக்கும் அவள்தான் கால். டிவி வந்த புதிதில் வாராவாரம் ஓடிய துப்பறியும் தொடரில் இன்ஸ்பெக்டரின் பூட்ஸும் அவளே. பெரிய சைஸ் பூட்ஸுக்குள் பழைய துணியைத் திணித்துக்கொண்டு, எண்பத்திரண்டு வாரம் ஒரு தொப்பைக்காரரை நடக்க வைத்தாள். அவர் படப்பிடிப்பில் ரப்பர் செருப்போடு சுற்றிக்கொண்டிருந்தார் என்பது நாட்டில் ஒருவருக்கும் தெரியாது.

அதனால் நடிகைகளின் முகம் அவள் மனதில் நிற்பதில்லை. பெயரைச் சொன்னால் முழிப்பாள். இடது காலைக் கொஞ்சம் இழுத்து வைப்பாளே, அவளா என்று கேட்பாள். தெருவிலும் அதே கதைதான். பால்காரரையும் தபால்காரரையும் எதிர்வீட்டு வாத்தியாரையும் முழங்காலுக்குக் கீழேதான் அவளுக்குத் தெரியும். வாத்தியார் புதுச் செருப்பு வாங்கிய அன்று, வாசலில் நின்றவரிடம் யார் வேண்டும் என்று கேட்டுவிட்டாள்.

கூட இருப்பது தங்கை. அவள் வேறு ரகம். டிவியில் மூக்கு இடிக்கிற தூரத்தில் உட்கார்ந்து, நடிகர் வாயைத் திறக்கும் முன்பே வசனத்தைச் சொல்லி முடிப்பாள். அக்காவின் முதுகுக்குப் பின்னால் நடப்பதை எல்லாம் வர்ணிப்பதும் அவள் பொறுப்பு.

"இப்ப அழறா அக்கா."

"தெரியுது. அந்த மூக்கு உறிஞ்சறது நான்தான்."

மத்தியானம் இரண்டு மணிப் படம் முடிந்து, பழைய தொடரும் முடிந்து, தங்கை டிவியை அணைக்கும்போது காலடியம்மா தினமும் ஒரே தீர்ப்பைத்தான் சொல்லுவாள். "ஒரு அடி தப்பு கிடையாது." தலைக்கனம் என்று சிலர் சொல்வார்கள். தலைக்கனம்தான். முப்பத்தோரு வருஷம் அடுத்தவர் காலுக்குத் தன் காலைக் கொடுத்தவளுக்கு அந்த அளவு கனம்கூட இல்லாவிட்டால் எப்படி?

படங்களில் ஒரு படம் மட்டும் அந்த வீட்டில் தனி. முப்பத்தெட்டு வருஷத்துக்கு முன்னால் வந்த கறுப்பு வெள்ளைப் படம். அதன் ஏழாவது ரீலில் புருஷனிடம் அவமானப்பட்ட மனைவி எழுந்து, வாசலைத் தாண்டி, கல்படி இறங்கி, தெருவோடு போய்விடுவாள். வசனம் இல்லை, இசை இல்லை. நாற்பது விநாடிக்குச் செருப்புச் சத்தம் மட்டும். சரக் சரக்கென்று, நிதானமாக, யாருக்கும் பயப்படாத சத்தம். அந்த வருஷம் கல்லூரிப் பெண்கள் அப்படித்தான் நடந்தார்களாம். அந்தப் படத்தைப் பார்த்த மூன்றாவது வாரம், கை நீட்டுகிற புருஷனை விட்டுத் தங்கை இந்த வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். யார் கேட்டாலும், கேட்காவிட்டாலும், அவள் சொல்லும் கதை ஒன்றுதான். "படத்துல எங்க அக்கா கால் முன்னாடி நடந்துச்சு. பின்னாடியே நானும் ஜம்முனு நடந்து வந்துட்டேன்."

ஆறு மாதம் முன்னால் அந்தப் படத்தைப் புதுப்பிக்கும் ஸ்டூடியோவிலிருந்து போன் வந்தது. பேசியவள் ஒலி இன்ஜினியர், நாற்பது வயதுக்காரி, வளவளவென்று பேசாதவள். படத்தின் மூலப் பிரதி நன்றாகக் கிடைத்துவிட்டதாம், ஒவ்வொரு ஃபிரேமாகத் துடைத்துக்கொண்டிருக்கிறார்களாம். ஒலிச் சுருளில் மட்டும் ஓர் இடத்தில் பூஞ்சை பிடித்துவிட்டது.

"எந்த இடம்?"

"ஏழாவது ரீல். அந்த நாப்பது செகண்ட். டிவிக்காரங்க பிரதியில இருக்கு, ஆனா ஒரே கரகரப்பு. நீங்களே நடந்து குடுத்தா நல்லா இருக்கும்மா."

"குடுத்துட்டா போச்சு" என்றாள் காலடியம்மா.

மறுநாள் பையோடு போனாள். பையில், அந்தப் படத்துக்கு மாட்டி நடந்த அதே செருப்பு நியூஸ்பேப்பரில் சுற்றி இருந்தது. தோல் அடி, வலது பக்கம் கொஞ்சம் தேய்ந்தது. ஒலிக்கூடம் அவளுக்குப் பிறந்த வீடு மாதிரி. தரையில் கட்டம் கட்டமாக சிமென்ட், மரப்பலகை, மணல், ஜல்லி, கல். முழங்கால் உயரத்தில் மைக். எதிரே திரை. செருப்பை மாட்டிக்கொண்டு கல் கட்டத்தில் நின்று, "ஓட்டு" என்றாள்.

திரை வெளிச்சமானது. மனைவி எழுந்தாள், வாசலுக்கு வந்தாள். காலடியம்மா வலது காலைத் தூக்கினாள். தூக்கிய கால் அப்படியே நின்றது.

"பின்னால போ. இன்னும் கொஞ்சம். நிறுத்து."

வாசலின் ஓரத்தில் ஒரு ஜோடிச் செருப்பு கிடந்தது, உள்ளே பார்த்தபடி. மனைவியின் கால்கள் அதைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தன. வெறுங்கால்கள்.

இன்ஜினியர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தன் கருவிகளில் குனிந்திருந்தாள். அவளும் கவனித்திருக்கவில்லை. அந்த இடத்தில் எல்லாரும் நடிகையின் முகத்தைத்தான் பார்ப்பார்கள், அப்படி ஒரு முகம் அது.

காலடியம்மாவுக்கு எல்லாம் நினைவுக்கு வந்தது. அந்தக் காலத்தில் ஒலிப்பதிவுக்குத் தருவது மட்டமான பிரதி. அந்த ரீல் வந்தபோது முழங்காலுக்குக் கீழே ஒரே மையிருட்டு. டைரக்டர் வெளியூரில் இருந்தார். போன் போட்டுக் கேட்கலாமே என்று உதவி டைரக்டர் சொன்னார். கேட்க என்ன இருக்கிறது என்றாள் இவள். படத்தில் மனைவி உள்ளே வரும்போது செருப்போடு வந்தாள், போகும்போதும் செருப்போடுதான் போவாள். கேட்பது அவளுக்குக் கௌரவக் குறைச்சல். முழுப்படத்தையும் ஓட்டிக் காட்டிய அன்று இவள் திரையை விட்டுவிட்டு டைரக்டரின் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்; ஆடிக்கொண்டிருந்த கால் அந்த இடத்தில் நின்றது. பிறகு, "இருக்கட்டும்" என்றார் அவர். படம் வெளியாக நான்கே நாள் பாக்கி. அந்த ஒரு சொல்லைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு முப்பத்தெட்டு வருஷம் தூக்கிச் சுமந்திருக்கிறாள்.

"என்னம்மா ஆச்சு?" இன்ஜினியரின் குரல் மைக்கில் வந்தது.

"கால் சரியில்ல. நாளைக்கு வர்றேன்" என்றாள். தொழிலில் அவள் சொன்ன முதல் பொய் அதுதான்.

பஸ்ஸில் வீடு திரும்பும்போது எதிர் சீட்டுக்காரர்களின் காலைக்கூடப் பார்க்கவில்லை. பேசாமல் செருப்போடு நடந்து கொடுத்துவிட்டால் ஒரு குருவிக்கும் தெரியப்போவதில்லை. தப்பு என்று தெரிந்தே இரண்டாம் முறை நடக்கவும் மனம் வரவில்லை. அதைவிடப் பெரிய கவலை தங்கை. அந்த நாற்பது விநாடிச் சத்தத்தின் மேல்தான் அவள் தன் வாழ்க்கையைக் கட்டி வைத்திருக்கிறாள். அதை உருவிவிட்டால் அவளுக்கு என்ன மிஞ்சும்?

மத்தியானப் படம் ஓடிக்கொண்டிருந்தது. காலடியம்மா வந்து டிவியைப் பார்த்து உட்கார்ந்தாள். தங்கை திரும்பி அவளை மேலும் கீழும் பார்த்தாள்.

"அக்கா, உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"அந்தப் படத்துல நான் தப்பு பண்ணிட்டேன்டி."

முழுவதையும் சொன்னாள். வாசலில் கிடந்த செருப்பை, இருட்டுப் பிரதியை, கேட்காமல் விட்டதை. சொல்லிவிட்டு, "நீ வேணாம்னா விட்டுடறேன். பழைய மாதிரியே நடந்துடறேன். உனக்காகத்தான் கேக்கறேன்" என்றாள். வாழ்க்கையில் அவள் ஒருத்தரிடம் கேட்டதே அபூர்வம்.

தங்கை டிவியின் சத்தத்தைக் குறைத்தாள்.

"நான் வீட்டை விட்டு வந்த அன்னைக்கு, என் காலைப் பாத்தியா?"

காலடியம்மா யோசித்தாள். கதவைத் திறந்தது ஞாபகம் இருந்தது. கலைந்த தலை, வீங்கிய உதடு, கையில் ஒரு துணிப்பை. கால்?

"பாக்கல. உன் மூஞ்சியத்தான் பாத்தேன்."

"ஊர்ல எல்லார் காலையும் பாப்ப." தங்கை சிரிக்க முயன்றாள், சரியாக வரவில்லை. "செருப்பு வாசல்லதான் கெடந்துச்சு. குனிஞ்சு மாட்டுற நேரத்துல கையப் பிடிச்சு உள்ள இழுத்துடுவாருன்னு பயம். அப்படியே வந்துட்டேன். உச்சி வெயில், தார் ரோடு. நிழல் எங்க எங்க இருக்குன்னு பாத்துப் பாத்து ஓடி வந்தேன். மூணு நாள் காய்ச்சல்னு போர்வைக்குள்ள கெடந்தேனே, அது காய்ச்சல் இல்ல. உள்ளங்கால் பூரா கொப்புளம்."

"ஏன்டி என்கிட்ட சொல்லல?"

"எப்படிச் சொல்றது? படத்துல அவ ராணி மாதிரி செருப்பு போட்டுக்கிட்டுப் போறா. நடந்தது நீ வேற. நான் பயந்து ஓடி வந்தவ. எனக்கே வெக்கமா இருந்துச்சு. அதான் ஜம்முனு நடந்து வந்தேன்னு சொல்ல ஆரம்பிச்சேன். சொல்லிச் சொல்லி அதுவே பழகிடுச்சு."

காலடியம்மா அழுதாள். தன் வேலையில் தப்பு வந்ததற்காக இல்லை. அந்தத் தப்பைப் பார்த்து ஒருத்தி முப்பத்தெட்டு வருஷம் தன் காலை மறைத்திருக்கிறாள், ஒரே கூரைக்குக் கீழே, பக்கத்துக் கட்டிலில். தங்கை எழுந்து வந்து பீன்ஸ் தட்டை நகர்த்தி வைத்துவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். படம் சத்தமில்லாமல் ஓடி முடிந்தது.

மறுநாள் இருவருமாக ஒலிக்கூடத்துக்குப் போனார்கள். இன்ஜினியர் படத்தை நிறுத்தி, பெரிதாக்கி, வாசலில் கிடந்த செருப்பை இரண்டு முறை பார்த்தாள்.

"சரிதான்மா. ஆனா ஜனங்களுக்கு அந்தச் சத்தம் பழகிப்போச்சு. மாத்தினா திட்டுவாங்களே."

"திட்டட்டும். என் வீட்டு அட்ரஸ் குடுத்து அனுப்பு. டைரக்டர் என்ன எடுத்தாருன்னு உன் கண்ணு முன்னாடி இருக்கு. இன்னும் பாரு, அவ குதிகால் தரையில படுதா?"

படவில்லை. கல்படியில் இறங்கும்போது நடிகை முன்பாதத்தில் தாவித் தாவிப் போனாள். தரை சுட்டது. நடுப்பகலில் எடுத்திருக்கிறார்கள். நிதானமாகப் போகிறாள் என்று உலகம் நினைத்தவள் உண்மையில் அவசர அவசரமாகப் போய்க்கொண்டிருந்தாள். முகத்தில்தான் நிதானம். அந்தச் செருப்புச் சத்தம் இத்தனை நாள் அவள் காலை மூடி வைத்திருந்தது.

இன்ஜினியர் அந்த இடத்தை இன்னொரு முறை ஓட்டிப் பார்த்தாள். "பழைய சத்தத்தைத் தனியா எடுத்து வச்சுக்கறேன், காரணமும் எழுதி வச்சுடறேன். நீங்க செருப்பைக் கழட்டுங்கம்மா."

"நான் நடக்கல. இவ நடப்பா."

தங்கை பதறிவிட்டாள். "எனக்கு என்ன தெரியும்? நீ முப்பத்தோரு வருஷம் நடந்தவ."

"சூட்டுல எனக்கு நடக்கத் தெரியாது. உனக்குத் தெரியும். ஏறு."

தங்கை வெறுங்காலோடு கல் கட்டத்தில் ஏறினாள். முதலில் பழைய படத்து ஞாபகத்தில் நெஞ்சை நிமிர்த்தி, தப் தப்பென்று மிதித்தாள். காலடியம்மா கையைக் காட்டி நிறுத்தினாள்.

"அவள மாதிரி வராத. நீ வந்த மாதிரி வா."

திரை மறுபடி வெளிச்சமானது. மனைவி எழுந்தாள். தங்கை வாசலைத் தாண்டினாள். ஈரக் கையால் சுவரைத் தட்டுவது போல மெல்லிய சத்தம், விட்டு விட்டு, ஓரிடத்தில் நின்று, உடனே மறுபடி பறந்து. அறுபத்து நான்கு வயதுக் கால்கள் இல்லாத நிழலைத் தேடி இடமும் வலமுமாகப் போயின. காலடியம்மா மைக்குக்குப் பக்கத்தில் சிறு முக்காலி போட்டு உட்கார்ந்து, திரையைப் பார்க்காமல் தங்கையின் காலை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். இடது உள்ளங்காலின் ஓரத்தில் வெளுத்துப்போன பழைய தழும்பு ஒன்று, பாதம் மேலே எழும்பிய ஒவ்வொரு தடவையும் தெரிந்தது.

நாற்பது விநாடி முடிந்தது. பாதுகாப்புக்கு இன்னொன்று எடுத்துக்கொள்ளலாமா என்று இன்ஜினியர் கேட்டாள்.

"தேவையில்ல" என்றாள் காலடியம்மா. "ஒரு அடி தப்பு கிடையாது."

படம் போன வாரம் புதுசாக டிவியில் வந்தது. எதிர்வீட்டு வாத்தியார் மனைவியோடு வந்திருந்தார். காலடியம்மா எல்லாரையும் போல டிவியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். ஏழாவது ரீல் முடிந்ததும் வாத்தியார் நெற்றியைச் சுருக்கினார்.

"இங்க செருப்புச் சத்தம் பிரமாதமா இருக்குமே, எங்க போச்சு? அந்தச் சத்தத்துலதான நீங்களும் ஜம்முனு கெளம்பி வந்தீங்க?"

"ஜம்முன்னெல்லாம் இல்ல சார்" என்றாள் தங்கை, காலை நீட்டி வைத்துக்கொண்டு. "அவளும் என்னை மாதிரிதான் ஓடி வந்தா."