நரிக்குத் தெரிய வேண்டும்

தின்றிருந்தாலாவது மன்னித்திருப்பேன். எட்மண்டன் வீட்டுப் பின்வளவில் நான் ஆசையாய் வளர்த்த கோழிகள் அத்தனையையும் கழுத்தில் கடித்துப் போட்டுவிட்டு, ஒன்றைக்கூடத் தூக்கிக்கொண்டு போகவில்லை அந்த நரி. காலையில் தீன் போடப் போனவன் இறகுகளுக்கு நடுவில் நின்று வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினேன். அடுத்த நாளும் அது வந்தது. ஷெட் கூரையில் படுத்து வெயில் காய்ந்தபடி என்னைப் பார்த்தது.

எலி, நரித் தொல்லைகளுக்கு வரும் வெள்ளைக்காரர் ஒருவரைப் பிடித்தேன். சின்னத் துவக்கு, அதற்கு அனுமதிப்பத்திரம், எல்லாம் வைத்திருந்தார். தலையில் ஒரே குண்டு, செத்தது அதற்கே தெரியக்கூடாது என்றார். எனக்கு அது பிடிக்கவில்லை. யார் சுட்டது, எதற்குச் சுட்டது என்று தெரிந்துதான் அது சாக வேண்டும் என்றேன். அப்படியென்றால் வேறு ஆளைப் பாருங்கள் என்றார். பல்லைக் கடித்துக்கொண்டு ஒத்துக்கொண்டேன்.

ஆப்பிள் மரத்தடியில் கிடந்த தட்டைக் காட்டி அது என்ன என்று கேட்டார். சனிக்கிழமை விரதத்தில் என் மனைவி காகத்துக்குச் சோறு வைக்கும் தட்டு. ஊரில் தகப்பன் செத்தபோது அவளால் போக முடியவில்லை. அன்றிலிருந்து அது அவருக்கான சோறு. காகம் வந்து கொத்தியதை நான் ஒருநாளும் கண்டதில்லை, ஆனால் ஒரு பருக்கை மிஞ்சாது. "அப்பா வந்து சாப்பிட்டிட்டார்" என்று சொல்லிவிட்டுத்தான் அவள் சாப்பிட உட்காருவாள். தட்டைச் சுற்றி ஈர மண்ணில் நரியின் கால் தடங்கள் இருந்தன. அவளிடம் நான் சொல்லவில்லை. சொன்னால் சோறு வைப்பதை நிறுத்திவிடுவாள், பிறகு நரி எப்படிக் கிடைக்கும்?

சனிக்கிழமை துவக்கைக் கண்டதும் அவள் பதறினாள்.

"விரத நாளில உயிர்க்கொலையோ?"

"நீர் உம்மட வேலையைப் பாரும்" என்றேன்.

குண்டு தவறினாலும் மண்ணுக்குள் இறங்க வேண்டும் என்று வெள்ளைக்காரர் மேல்மாடி யன்னலில் இருந்தார், நான் பக்கத்தில் நின்றேன். மத்தியானம் நரி வந்து, நெய்யும் பருப்பும் குழைத்த சோற்றில் வாய் வைத்தது. கைதட்டியது போல ஒரு சத்தம். தலை தட்டிலேயே சரிந்தது, துடிக்கக்கூட இல்லை. நான் இறங்கி ஓடிப்போய் "பார்த்தியோடா நாயே!" என்று கத்தினேன். அதன் உயிர் எப்போதோ போய்விட்டிருந்தது. ஆத்திரம் அப்படியே எனக்குள் நின்றது.

குசினிக் கதவில் மனைவி நின்றாள்.

"இவ்வளவு நாளும் இதுவோ சாப்பிட்டது?"

"ஓம்."

"உங்களுக்குத் தெரியுமோ?"

நான் குனிந்து நரியின் தலைக்கடியிலிருந்து தட்டை இழுத்தெடுத்தேன்.

அடுத்த சனிக்கிழமை புதுத் தட்டில் சோறு வைத்தாள். பொழுதுபட்டும் யாரும் தொடவில்லை. காய்ந்து போன அந்தச் சோற்றைக் கொண்டுவந்து மேசையில் என் முன்னால் வைத்தாள்.

"அப்பா சாப்பிடேல்லை. நீங்கள் சாப்பிடுங்கோ."