உசுரோட இருக்கறவளுக்காக

என் பொண்ணு ஜெனியோட ஒதடு நீலமா மாற ஆரம்பிச்சப்போ, அவ அப்பா செத்து ரெண்டு மாசம்கூட ஆகல. ஜமுனாமரத்தூர்லேர்ந்து சாமை மூட்ட ஏத்திக்கிட்டு மலை எறங்கும்போது அவரு ஓட்டின லோடு வண்டி, வளைவுல உருண்டுட்டுது. அவருக்கு அந்த ரோடு அத்துப்படி. அப்படியும் போய்ட்டாரு.

ஜெனிக்கு இருதயத்துல ஓட்டை. ஆறாவது படிக்கும்போதுதான் தெரிஞ்சிது. அவ அப்பாவே வேலூருக்கு அழைச்சிட்டுப் போய் காட்டினாரு. ஆபரேஷன் பண்ணியே ஆகணும்னு சொல்லி தேதியும் குறிச்சிட்டாங்க. அந்தத் தேதி வர்றதுக்குள்ள அவரு இல்ல.

சந்தவாசல்ல எங்கூட்ல மிச்சம் நான், ஜெனி, என் மாமனாரு, அவ்வளவுதான். மாமா ஞாயித்துக்கெழம ஆராதனையில வேதபாடம் வாசிக்கிறவரு. ஒரே புள்ளைய மண்ணுல வெச்சிட்டு வந்ததும் மனுஷன் ஒடஞ்சி போய்ட்டாரு. எம்புள்ளைய ஒரு வார்த்த கேக்காம கொழந்த மேல கத்தி வெக்க வுட மாட்டேன்னு நின்னுட்டாரு. செத்தவங்கள வரவெச்சிப் பேசற ஒரு அம்மா கலசப்பாக்கம் பக்கத்துல இருக்காங்கன்னு யாரோ அவரு காதுல போட்டுட்டாங்க. இன்னா மாமா இது, நாம ஜெபம் பண்றவங்க ஆச்சேன்னு மல்லுக்கட்டினேன். கேக்கல. தனியா அனுப்ப மனசு வராம கூடப் போனேன்.

பட்டப்பகல். வெயிலு கொளுத்துது. அந்தம்மா கண்ண மூடிக்கிட்டு ஒக்காந்திருந்தாங்க. கொஞ்ச நேரத்துல அவங்க வாயிலேர்ந்து எங்கூட்டுக்காரரு தொண்டைய செருமினாரு. அச்சு அசல் அவரேதான். அப்புறம் "மிஷினு"ன்னு கூப்பிட்டாரு. நான் தையக்காரி. மிஷினும் ஓயாது, என் வாயும் ஓயாதுன்னு கிண்டலா அவரு எனக்கு வெச்ச பேரு அது. எங்க ரெண்டு பேர தவிர யாருக்கும் தெரியாது.

"ஜெனிய அறுக்க வுடாத மிஷினு. அவள நான் பாத்துக்கறேன்."

மாமா சந்தோஷத்துல அழுதாரு. எனக்கு ஒரே கேள்விதான். செத்தவரு எம்பொண்ண எங்க வெச்சிப் பாத்துக்குவாரு?

அன்னிலேர்ந்து அந்தக் கொரலு எங்கூடவே வந்துட்டுது. தண்ணி புடிக்கப் போனா முதுகுக்குப் பின்னால கேக்கும். தச்சிக்கிட்டே இருந்து கால எடுத்தா கேக்கும். ஒரு நாளு ஸ்கூல்லேர்ந்து வந்த ஜெனி, "அம்மா, அப்பா கூப்பிட்ட மாதிரி இருந்துச்சிம்மா"ன்னா. அவள இழுத்து மடியில போட்டுக்கிட்டேன். அவ நெஞ்சு படபடன்னு அடிச்சிக்கிது.

பயத்துல நானும் ஒரு பைத்தியக்காரத்தனம் பண்ணேன். கண்ண மூடி வேதத்த தொறந்து, வெரல் பட்ட எடத்துல பதில் இருக்கும்னு பாத்தேன். யாரு யாரப் பெத்தாங்கன்னு ஒரே பேரா இருந்துச்சி. அந்த அழுகையிலயும் எனக்கு சிரிப்பு வந்துடுச்சி. இதுக்கும் குறி கேக்கறதுக்கும் இன்னா வித்தியாசம்? மண்டி போட்டேன். ஆண்டவரே, என் இழுப்புக்கு உங்கள பேச வெக்க மாட்டேன், நீங்களா பேசுங்க, ஆனா சீக்கிரம் பேசுங்க, புள்ளைக்கு மூச்சு வாங்குதுன்னேன்.

சாயந்தரம் குடும்ப ஜெபத்துல தெனம் ஒரு அதிகாரம், வரிசையா வாசிக்கிறது எங்கூட்டு வழக்கம். மாமாதான் வாசிப்பாரு. அன்னிக்கு ஏசாயா, எட்டாம் அதிகாரம். கணீர்னு வாசிச்சிட்டே வந்தவரு கடைசிக்குக் கிட்ட வந்து நின்னுட்டாரு. கண்ணாடிய கழட்டினாரு. என்னால முடியல, நீ வாசிம்மான்னு என் கையில குடுத்தாரு. உசுரோட இருக்கறவங்களுக்காக செத்தவங்க கிட்டயா போய் கேப்பாங்க, ஜனங்க தங்க தேவன்கிட்டதானே கேக்கணும்னு அங்க இருந்துச்சி. எத்தினியோ வாட்டி சபையில அவரே வாசிச்சதுதான்.

மாமா கேட்டாரு. "அப்போ எம்புள்ள கிட்ட இனிமே நான் எதுவுமே கேக்க முடியாதாம்மா?"

"முடியாது மாமா."

சின்னப் புள்ள மாதிரி அழுதாரு. புள்ள செத்த அன்னிக்குக்கூட அவரு அப்படி அழல. மொகத்த தொடச்சிக்கிட்டு, கொழந்த துணியெல்லாம் எடுத்து வை, காலையில வேலூர் போலாம்னாரு.

ஆபரேஷன் தியேட்டர் கதவு மூடினப்போ, என் பின்னால அந்தக் கொரலு கூப்பிட்டுது. அவ்வளவு ஆசையா, அவ்வளவு கிட்டத்துல. என் கழுத்து தானா திரும்பப் பாத்துது. திரும்பல. அன்னிக்கு வாசிச்சதையே வாய்க்குள்ள சொல்லிக்கிட்டு நின்னேன். நல்லபடியா முடிஞ்சிது, இன்னும் தள்ளிப் போட்டிருந்தா கஷ்டமா போயிருக்கும்னு டாக்டரம்மா வெளிய வந்து சொன்னாங்க. கர்த்தருக்கு ஸ்தோத்திரம்.

அந்தக் கொரலு யாருதுன்னு என்னக் கேக்காதீங்க, எனக்குத் தெரியாது. இப்பவும் ஒரோரு மத்தியானம் கேக்குது. பயமே இல்லன்னு உங்க முன்னாடி பொய் சொல்ல மாட்டேன். அப்போ விட்ட எடத்துலேர்ந்து வேதத்த சத்தமா வாசிப்பேன்.

உங்கள்ல யாரோட வூட்லயாவது இப்பதான் ஒருத்தர் போயிருக்கலாம். அழுங்க. அழறது தப்புன்னு ஆண்டவர் சொல்லல. ஆனா வழிய அவங்க கிட்ட கேக்காதீங்க. தெனம் வாசிங்க, காத்திருங்க, ஆண்டவர் பேசுவாரு. எங்கூட்டுக்காரர இன்னிக்கும் உசுரா நேசிக்கிறேன். அவரு கொரல்ல கூப்பிட்டும் நான் பதில் சொல்லல. அதனாலதான் எம்பொண்ணு இப்போ என்ன அம்மான்னு கூப்பிடறா.