பஞ்சோடு வந்த நீலம்

பிளாஸ்டிக்கில் சின்ன மாதிரி வள்ளங்கள் செய்வது என் பொழுதுபோக்கு. எங்கள் ஊர் பேசாலையில் பக்கத்து வீட்டு ஜெசிந்தா அக்காவின் கணவர் கடலுக்குப் போய்த் திரும்பவில்லை.

"அவரின்ர வள்ளம் மாதிரி ஒண்டு செய்து தாங்கோ தம்பி" என்று கேட்ட அக்கா, அந்த வள்ளத்துக்கு அடித்து மிஞ்சிய நீல எனாமல் பெயின்றையும் தந்தார். தகர ரின்னின் அடியில் கொஞ்சம்தான் கிடந்தது.

வள்ளத்தைச் செய்து முடித்து அதையே பூசினேன். காய்ந்தபின், பலகை இடுக்குகள் எடுப்பாகத் தெரிய, டர்ப்பன்டைனில் கரைத்த கறுப்பை ஓடவிட்டேன். தண்ணீர் கலந்து அடிக்கும் பெயின்றின் மேல் பலதடவை செய்த வேலைதான். எனாமலின் மேல் செய்ததில்லை. வழிந்த கறுப்பைப் பஞ்சால் துடைத்தேன். டர்ப்பன்டைன் எனாமலையும் கரைத்து, பஞ்சோடு நீலமும் வந்துவிட்டது. கை முந்திப் போச்சு என்பார்களே, அதுதான்.

அக்கா பக்கத்துக் கதிரையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரின்னில இன்னும் இருக்கோ?"

"இல்லை அக்கா."

"சரி. அந்தப் பஞ்சை எறியாதேங்கோ. தாங்கோ."

இப்போதெல்லாம் முதலில் அடிப்புறத்தில் ஒரு துளி டர்ப்பன்டைன் விட்டுப் பார்க்கிறேன். எனாமல் என்றால், தண்ணீர் கலக்கும் நிறமற்ற வார்னிஷ் பூசி, நன்றாகக் காய்ந்த பிறகே கறுப்பை ஓடவிடுகிறேன். பெயின்றிலும் கொஞ்சம் மிச்சம் வைக்கிறேன்.

நீலம் போன இடத்தோடேயே வள்ளம் அக்காவின் கண்ணாடி அலுமாரியில் இருக்கிறது. பஞ்சும் பக்கத்தில் இருக்கிறது.