ஊமைக்கோட்டான் கேட்ட உருண்டைக் கல்

நான் ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். ஆனால் இன்றைக்குப் பெரிய வீட்டு ஹால்களில் கண்ணாடிப் பெட்டிக்குள் விளக்குப் போட்டு வைத்திருக்கிற ஊதாப் படிகங்களில் பாதி என் பட்டறையில் அறுத்தவை. வெளியே பார்த்தால் அழுக்கு உருளைக்கிழங்கு மாதிரி உருண்டைக் கல். உள்ளே குடைவு இருந்தால் சுற்றிலும் படிகம். இல்லையென்றால் வெறும் கட்டிக் கல். அறுக்காமலே, கையில் தூக்கிப் பார்த்துச் சொல்லிவிடுவேன். கனம் குறைந்தால் ரம்பத்துக்கு. கனத்தால் கழிசல் குவியலுக்கு. குவியல் ஜல்லிக்குப் போய்விடும். இந்தக் கை தப்பியதே இல்லை என்று போட்டிக் கடைக்காரனே சொல்வான். பெருமைக்குச் சொல்லவில்லை. என் லாரி டிரைவரைப் பற்றிச் சொல்ல இது வேண்டும்.

அவனுக்குப் பட்டறையில் வைத்த பெயர் ஊமைக்கோட்டான். முதலில் பால் வண்டி ஓட்டினான். அந்த முதலாளி நொடித்துப் போனதும் என்னிடம் வந்து ஒட்டிக்கொண்டான். படிகம் ஏற்றினால் பிள்ளைத் தொட்டிலை ஆட்டுகிற மாதிரி ஓட்டுவான். ஒரு முனை உடைந்ததில்லை. சாப்பாடு மட்டும் தனியாக, கழிசல் குவியல் ஓரத்தில். இரண்டு பெண்களை அந்தச் சம்பளத்தில்தான் கட்டிக்கொடுத்தான். கூடக் குறையக் கேட்டு வாயைத் திறந்ததில்லை. வாயைத் திறக்காதவன் மேல்தான் எனக்கு எப்போதும் ஒரு கண்.

கண்ணில் புரை விழுந்து அவன் வேலையை விட்டபோது, "என்ன வேணும், கேளுப்பா" என்றேன்.

"அந்தக் கல்லைக் குடுங்க முதலாளி." குவியலில் பூசணிக்காய் அளவில் கிடந்த ஒன்றைக் காட்டினான். நானே தூக்கிப் பார்த்துத் தள்ளிய கல்.

"இதையா? உள்ள ஒரு மண்ணும் இல்லப்பா."

"பரவாயில்ல முதலாளி."

பரவாயில்லையாம்! அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அங்கேயே உட்கார்ந்து தின்றவன், ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்திருப்பானோ? மருமகன் யாராவது போட்டிக் கடையில் இருக்கிறானோ? விசாரித்தேன். மருமகன்களில் ஒருத்தன் தையல்காரன், ஒருத்தன் முடி வெட்டுகிறவன். அதுவும் சந்தேகமாகத்தான் பட்டது.

பொறுக்க முடியாமல், சின்ன கட்டிங் மிஷினைக் காரில் போட்டுக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனேன். முன்னறையில், டிவிக்குப் பக்கத்தில், ஸ்டூல் மேல் துண்டு விரித்து, கல்லைக் கழுவித் துடைத்து வைத்திருந்தார்கள். முழுசாக.

"ஏம்ப்பா, இன்னும் அறுக்கலையா?"

அவன் பெண்டாட்டி முந்திக்கொண்டாள். "அதை ஏண்ணே கேக்கறீங்க! உள்ள வெள்ளைன்னு நான் சொல்றேன், ஊதாங்கறாரு இவரு. தினம் சண்டை. பொண்ணுங்க போனப்புறம் இந்த மனுஷன் வாயைத் திறக்கறதே இதுக்குத்தான்."

"ரெண்டு பேருமே தோத்தீங்க தங்கச்சி. உள்ள கட்டி. மிஷின் கொண்டாந்திருக்கேன், இப்பவே பொளந்து காட்டிடறேன்."

ஊமைக்கோட்டான் கல்லின் மேல் கையை வைத்தான். "அறுங்க முதலாளி. கட்டியா இருந்தா உங்க கை ஜெயிச்சுது. குடைவு இருந்துச்சுன்னா?"

"இருக்காது."

"இருந்துச்சுன்னா, இத்தனை வருஷமா நான் ஜல்லிக்கு ஏத்திட்டுப் போனதெல்லாம் என்ன முதலாளி?"

அவன் என்னிடம் அவ்வளவு நீளமாகப் பேசியதே கிடையாது. குத்திக் காட்டுகிறானா, நிஜமாகவே கேட்கிறானா? அந்த முகத்தில் ஒன்றும் பிடிபடவில்லை. குனிந்து கல்லைத் தூக்கிப் பார்த்தேன். கனமாகத்தான் இருந்தது. ஆனால் இப்போதெல்லாம் எனக்கு எல்லாமே கனமாகத்தான் இருக்கிறது.

"உங்க சண்டையை நான் ஏன் கெடுக்கணும்" என்று சொல்லிக் கீழே வைத்துவிட்டு, தங்கச்சி கொடுத்த டீயைக் குடித்துவிட்டு வந்தேன். மிஷின் காரிலேயே கிடந்தது.

மறுநாள் ஜல்லிக்குக் குவியலை அள்ள வந்த லாரியைக் காலியாகத் திருப்பி அனுப்பினேன். புது டிரைவர், "ஏன் முதலாளி?" என்றான்.

"என் குவியல், என் இஷ்டம்" என்றேன்.

ஊமைக்கோட்டான் எதற்காக அந்தக் கல்லைக் கேட்டான் என்பது இன்னும் எனக்குப் பிடிபடவில்லை.