இறால் ஓடு கலந்த மண்

மொட்டைமாடியில் நாற்று வளர்த்து விற்பதால் தெருவில் அவளுக்கு மாடிக்காரி என்றே பெயர். போன பருவத்தில் அவள் கொடுத்த தக்காளி நாற்றுகள், வழக்கமாக வாங்கும் தோட்டக்காரர் வயலில் வேர் கெட்டு, வாடிச் சாய்ந்தன. அவர் சத்தம் போடவில்லை. “இன்னொரு தடவை பார்ப்போம்மா” என்றார். அந்த இன்னொரு தடவைதான் அவள் தூக்கத்தைக் கெடுத்தது. அவரை விட்டால் பெரிய வாடிக்கை வேறு கிடையாது.

மண் பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்க்கும் நாத்தனார் ஒரு வழி சொன்னாள்: இறால் ஓட்டைக் காயவைத்து இடித்து, மண்ணில் கலந்து ஈரமாக வைப்பது.

“இது மருந்தா?”

“மருந்து இல்ல அண்ணி, சாப்பாடு. மண்ணுல இருக்கிற பாக்டீரியாவுக்கு. ஓட்டுல கைட்டின்னு ஒண்ணு இருக்கு. உங்க நாத்தை வாட வெச்ச பூஞ்சையோட செல் சுவர்லயும் அதேதான். ஓட்டைத் தின்னு பெருகுற கூட்டம் பூஞ்சையைச் சும்மா விடுமா?”

“உடனே விதை போடலாமா?”

“அவசரப்படாதீங்க. மூணு வாரமாவது ஊறட்டும். இல்லேன்னா முளையே கருகிடும்.”

இறால் உரிக்கும் கூடத்துக்கு வேன் ஓட்டும் கணவன் ஓட்டை மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்தான். நாற்றம் மாடிப்படி இறங்கித் தெருவுக்கே வந்தது. “மேல என்ன, கப்பல் கவுந்துடுச்சா?” என்று கீழ்வீட்டுக்காரர் தினமும் அவனிடம்தான் கேட்டார். கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போய், அவள் விதை வாங்கப் போயிருந்த ஒரு நாள், மண் ஊறிக்கொண்டிருந்த தொட்டிகளில் எல்லாம் பினாயிலை ஊற்றிவிட்டான்.

“இப்ப எப்படி இருக்கு?” என்றான், பெருமையாக.

“எல்லாத்துலயுமா ஊத்துனீங்க?”

“ஒண்ணு விடல.”

அவள் படியிலிருந்தே நாத்தனாருக்குப் போன் போட்டாள். விஷயத்தைக் கேட்ட நாத்தனார், “வீட்டுத் தரையைத் துடைக்கச் சொன்னா அண்ணனுக்கு இடுப்பு வலி வந்துடுமே!” என்று சிரித்தாள். பிறகு குரலைத் தாழ்த்தி, “பாக்டீரியாவெல்லாம் செத்திருக்கும், அந்த மண்ணை நம்பாதீங்க அண்ணி. புதுசா ஆரம்பிங்க” என்றாள்.

கண்ணுக்குத் தெரியாததைக் கொல்வது எளிது. கொன்றது கைக்குக்கூடத் தெரிவதில்லை. மண் நேற்றுப் போலவே கறுப்பாக, பொலபொலவென்று இருந்தது.

“பினாயில் வாடை போனதும் இதுலயே விதையைப் போடு. முளைச்சா கொடுத்துடலாம். யாருக்குத் தெரியப்போகுது?” என்றான் கணவன், தப்பு புரிந்த முகத்தோடு.

“அவர் வயலுக்குத் தெரியும்.”

மறுநாள் தோட்டக்காரரிடம் போய் நடந்ததைச் சொன்னாள். “இந்தத் தடவை வேற இடத்துல வாங்கிக்குங்கண்ணே.”

“மண்ணைக் குளிப்பாட்டிட்டாராக்கும்!” அவர் சிரித்து முடிக்க நேரமானது. “வேற இடத்துல வாங்கினா அங்கயே பழகிடுவேன். தெரியும்ல?”

“தெரியும்ணே.”

அவர் வரப்பில் நடந்து வயலின் கோடியைக் காட்டினார். “கடைசிப் பாத்தியை மட்டும் காலியா வெச்சிருக்கேன். மெதுவா கொண்டுவாங்க. அதுவும் வாடுச்சுன்னா இந்தப் பக்கமே வரக்கூடாது.”

ஒரு பாத்தி பெரிய வாக்கு அல்ல. அதற்கு மேல் அவள் கேட்கவுமில்லை. அந்த அளவுக்கு மட்டும் அன்று மாலையே புது மண்ணில் இறால் ஓட்டுத் தூளைக் கலந்தாள்.