பாம்புக்காது போட்ட இரண்டு கையெழுத்து

சமையலறையில் குழாய் இடித்தது. டொக், டொக், சற்று நிறுத்தி மறுபடி டொக். கூடத்தில் நாற்காலியில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தவர், கண்ணைத் திறக்காமலேயே சொன்னார்.

"வாஷர் போயிடுச்சு."

"அது போய் ரெண்டு மாசமாச்சு," என்றாள் மனைவி உள்ளே இருந்து. "ஊரெல்லாம் தரையில காதை வெச்சுக் கேக்குறீங்க, வீட்டுக் குழாய் கத்துறது மட்டும் இன்னைக்குத்தான் கேட்டுச்சா?"

அவருக்குப் பெயர் பாம்புக்காது. பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. நகரசபைத் தண்ணீர்த் துறையின் கசிவுப் பிரிவில் இருபத்தாறு வருடமாக ஒரே வேலை. ஆளுயர இரும்புக் கம்பியின் ஒரு முனையைச் சாலையில் ஊன்றி, மறுமுனையில் காதை வைப்பார். பூமிக்கடியில் எந்தக் குழாய் எங்கே கசிகிறது என்று கேட்டு, அந்த இடத்தில் சுண்ணாம்புக் கட்டியால் வட்டம் போடுவார். அவர் வட்டம் போட்ட இடத்தைத் தோண்டித் தண்ணீர் வராமல் போனது மொத்தம் நான்கு முறைதான். அந்த நான்கையும் தேதியோடு சொல்வார்.

முன்பெல்லாம் இந்த வேலையை விடியுமுன் செய்தாக வேண்டும். வண்டிச் சத்தம் தொடங்கிவிட்டால் ஒன்றும் கேட்காது. இப்போது நண்பகலிலேயே கேட்கலாம். இரண்டு மில்லும் ஒரு ரயில்பெட்டித் தொழிற்சாலையும் மூடிய பிறகு ஊரில் பாதிப்பேர் இல்லை. பாதி வீடுகள் பூட்டிக் கிடந்தன. பூட்டிய வீடு வரி கட்டாது. ஆனால் ஆள் பாதியானால் குழாயும் பாதியாகிவிடுமா? அது போட்ட நீளத்துக்குக் கிடந்து, போட்ட இடத்திலெல்லாம் கசிந்தது.

நகரசபை கையை விரித்தது. மேலே இருந்த அரசாங்கமோ, முப்பது பேரைக் குறைத்தால்தான் உதவி என்றது. சங்கம் இரண்டு மாதம் பேசி ஒரு வழி கொண்டுவந்தது: எல்லோரும் சம்பளத்தில் பத்தில் ஒரு பங்கை விட்டுக்கொடுத்தால் யாருக்கும் வேலை போகாது. பொதுக்குழுவில் கை தூக்கும் வாக்கெடுப்பு நடந்தது.

"வேணாம்னு சொல்றவங்க கை தூக்குங்க," என்றான் சங்கச் செயலாளன். அவன் பாம்புக்காதின் மனைவிக்குத் தம்பி. முதல் வரிசையில் முதலாவதாக உயர்ந்த கை அவனுடைய மாமாவின் கைதான்.

"ஒருதடவை குனிஞ்சா அப்புறம் முதுகு நிமிராது. முப்பது பேருங்கறதெல்லாம் சும்மா பூச்சாண்டி!" என்று அவர் எழுந்து நின்று சத்தம் போட, மண்டபம் கைதட்டியது. பதினொரு வாக்கு வித்தியாசத்தில் சம்பளக் குறைப்பு தோற்றது.

பூச்சாண்டி மூன்றாம் வாரமே அறிவிப்புப் பலகையில் வந்து உட்கார்ந்தது. முப்பது பெயர். அதில் நான்காவது பெயர் அவருடைய மகள்.

மகள் மூன்று வருடம் முன்புதான் மீட்டர் கணக்கெடுக்கும் பிரிவில் சேர்ந்திருந்தாள். பட்டியலைப் பார்த்துவிட்டு வந்தவள் அழவில்லை. "அக்கம்பக்கத்து ஊர்ல எங்கயாவது தேடிக்கிறேம்ப்பா," என்றாள். அதைக் கேட்டதும் அவர் எழுந்து வாசலுக்கு வந்து தெருவைப் பார்த்தார். அந்த ஊரைவிட்டு வேலைக்குப் போன எந்தப் பிள்ளையும் திரும்பி வந்ததில்லை. எதிர்வீட்டில் பூட்டு, பக்கத்துவீட்டில் பூட்டு. அந்த வீட்டுப் பெரியவர்களும் பிள்ளைகளோடு போய்விட்டார்கள், அல்லது ஒரேயடியாகப் போய்விட்டார்கள்.

வேலைநீக்க உத்தரவில் ஒரு விதி இருந்தது. மூத்த ஊழியர் ஒருவர் தானாக விலகினால், பட்டியலில் ஒருவருக்கு வேலை மிஞ்சும். மச்சான் தலைநகருக்குப் பேச்சுவார்த்தைக்குப் போயிருந்தான். யாரிடமும் ஒரு வார்த்தை கேட்காமல், திங்கட்கிழமை காலை பாம்புக்காது அலுவலகம் போய் விலகல் படிவத்தில் கையெழுத்துப் போட்டார். இரும்புக் கம்பியை ஒப்படைத்தார். வீட்டுக்கு வந்து, பெரிய காரியம் செய்த மனிதரைப் போல் குளித்துவிட்டுப் படுத்தார்.

வியாழக்கிழமை மச்சான் திரும்பி வந்தான். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"என்ன மாமா செஞ்சு வெச்சிருக்கீங்க? ஒரு பிரிவுல விலகினா, அதே பிரிவுல கடைசியா சேர்ந்தவனுக்குத்தான் வேலை மிஞ்சும். உங்க பொண்ணு மீட்டர் பிரிவு. நீங்க கசிவுப் பிரிவு."

"அது எப்படிடா? எவன் போட்டான் அந்த விதியை?"

"நீங்கதான் மாமா. பத்து வருஷம் முன்னாடி, பத்தொம்பது நாள் ஸ்ட்ரைக்குல. ஆபீஸ்ல வேண்டப்பட்டவங்களை நம்ம பிரிவுக்குள்ள நுழைக்கிறாங்க, பிரிவுக்குப் பிரிவு தனி மூப்புப் பட்டியல் வேணும்னு சாப்பிடாம கிடந்தீங்களே, மறந்துபோச்சா?"

கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது என்பார்கள். இங்கே கிணற்றை வெட்டியவரும் அவர்தான், பூதத்தை வளர்த்தவரும் அவர்தான்.

கசிவுப் பிரிவில் கடைசியாகச் சேர்ந்தவன் யார் என்று மச்சான் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை. அந்த வேலைநிறுத்தத்துக்குப் பிறகு அந்தப் பிரிவில் புதிதாக ஆளே எடுக்கவில்லை. கடைசி ஆள் கருங்காலி; முப்பது பெயரில் அவன் பெயரும் இருந்தது. பன்னிரண்டாம் நாள் அத்தனை பேரும் வாசலில் உட்கார்ந்திருக்க, தலையைக் குனிந்துகொண்டு வேலைக்கு உள்ளே போன ஒரே ஆள். அன்றிலிருந்து அவனுக்கு அதுதான் பெயர். பாம்புக்காது அவனோடு ஒரே வண்டியில் போவார், ஒரே குழியைப் பார்ப்பார். பத்து வருடமாக அவனிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை.

படிவத்தைத் திரும்பப் பெற ஏழு நாள் தவணை உண்டு. ஏழாம் நாள் இன்று. அலுவலகம் ஐந்து மணிக்கு மூடும். இப்போது மணி மூன்று.

"எந்திரிச்சுப் போங்க," என்றாள் மனைவி, ஈரக்கையைத் துடைத்தபடி கூடத்துக்கு வந்து. "பொண்ணுக்கும் இல்ல, உங்களுக்கும் இல்லன்னு ஆகணுமா? தியாகம் பண்ண ஆள் பார்த்தீங்களே, நல்ல ஆளாத்தான் பார்த்தீங்க!"

"நான் வாபஸ் வாங்கினா அவன் வெளிய போவான்."

"ஓ! பத்து வருஷமா மூஞ்சிகூடப் பார்க்காத ஆள் மேல இன்னைக்குத்தான் பாசம் பொங்குதோ?"

வாசலில் காலடிச் சத்தம் கேட்டது. இடதுகால் சற்று அழுந்தி விழும் நடை. கதவு தட்டப்படுமுன்பே அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அவன்தான்."

மனைவி கதவைத் திறந்தாள். கருங்காலி படியிலேயே நின்றான். கையில் மடித்த தாள்.

"அண்ணி, அண்ணன் இருக்காரா?"

"வேலையை விட்டவரு வேற எங்க போவாரு? உள்ள வாங்க."

உள்ளே வந்தவன் உட்காரவில்லை. தாளை மேசைமேல் வைத்து விரித்தான். திரும்பப் பெறும் படிவம். பெயரும் பிரிவும் அவன் கையாலேயே எழுதியிருந்தது. கையெழுத்துக்கான இடம் மட்டும் காலி.

"ஆபீஸ்ல நானே கேட்டு வாங்கிட்டு வந்தேண்ணே. இன்னைக்குத்தான் கடைசி."

பாம்புக்காது தாளைப் பார்த்தார். பத்து வருடத்தில் முதல்முறையாக அவனைப் பார்த்துக் கேட்டார். "இதுல நான் கையெழுத்து போட்டா உனக்கு என்ன ஆகும்னு தெரியுமில்ல?"

"தெரியும்."

"அப்புறம் ஏன் தூக்கிட்டு வந்தே?"

"பத்து வருஷமா ஒரு பேரைச் சுமந்தாச்சுண்ணே. பாம்புக்காது வேலையைத் தின்னவன்னு இன்னொரு பேரையும் சுமக்க முடியாது. முதுகுல இடமில்ல."

சமையலறையில் குழாய் மறுபடி இடித்தது. மனைவி உள்ளே போய் இரண்டு டம்ளர் டீயோடு வந்தாள். கருங்காலி நின்றபடியே குடித்தான்.

"ஒண்ணு கேக்கணும்," என்றார் பாம்புக்காது. "அன்னைக்கு ஏன் உள்ள போனே? பணம் குடுத்தாங்கன்னாங்க. பெரிய வேலை தரேன்னாங்கன்னாங்க."

"ஒண்ணும் குடுக்கல."

"அப்புறம்?"

"பயமா இருந்துச்சுண்ணே. அவ்வளவுதான். பன்னெண்டு நாளாச்சு, வேலை போயிடுமோன்னு பயம். வேற கதை எதுவும் இல்ல."

எதையாவது பெரிதாக எதிர்பார்த்திருந்தார் போலிருக்கிறது. நோயில் படுத்த தாய், சாகக் கிடந்த குழந்தை, அப்படி ஏதாவது. பத்து வருடம் பேசாமல் இருந்ததற்கு இவ்வளவு சின்னக் காரணமா என்று அவர் முகம் கேட்டது. பிறகு அந்த முகம் மெல்ல மாறியது. எதிர்வீட்டுப் பூட்டை நினைத்தார். மகள் போய், சம்பளமும் போய், ஐம்பத்து நான்கு வயதில் எந்த ஊரில் யார் சாலையில் காதை வைப்பது என்று நினைத்தார்.

பேனாவைத் தேடினார். மனைவி எடுத்துக் கொடுத்தாள்.

"எனக்கும் அதான்," என்றார், யாரையும் பார்க்காமல். "பயமா இருக்கு."

கையெழுத்துப் போட்டார். வேண்டாம் என்று அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை வருமென்று கருங்காலி கடைசிவரை எதிர்பார்த்திருக்கலாம். ஆனால் குரலில் ஒன்றும் தெரியவில்லை.

"குடுங்கண்ணே. ஆபீஸ் வழியாத்தான் போறேன், நானே சேர்த்துடறேன்."

மனைவி கணவனைப் பார்த்தாள். இவர்கிட்டயா குடுத்து அனுப்புறது என்று அவள் கண் கேட்டது. பாம்புக்காது தாளை மடித்து அவன் கையில் கொடுத்தார். ஐந்து மணிக்குக் கால்மணி இருக்கும்போது அது அலுவலகத்தில் சேர்ந்துவிட்டதை மறுநாள் மச்சான் வந்து சொல்வான்.

அவர் வாசல்வரை கூடவே வந்தார். ஏதோ சொல்ல வேண்டும்போல் இருந்தது. "தம்பி..." என்று ஆரம்பித்தார்.

"கருங்காலின்னே கூப்பிடுங்கண்ணே. தம்பின்னா யாரையோன்னு திரும்பிப் பார்ப்பேன்." அவன் சிரித்தான். மனைவியும் சிரித்துவிட்டாள். பாம்புக்காதுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

இரண்டு படி இறங்கியவன் நின்றான். "மறந்துட்டேன். பெரிய மில் கேட்டுக்கு இடதுபக்கம், விளக்குக் கம்பத்துல இருந்து நாலடி. பெரிய கசிவு ஒண்ணு கேக்குது. இன்னும் வட்டம் போடல. நாளைக்கு நீங்க போய்க் கேட்டுப் பாருங்க."

"சரி."

இடதுகால் அழுந்தும் நடை தெருவில் இறங்கியது. பூட்டிய வீடுகளைத் தாண்டி அது முனை திரும்பும்வரை அவர் கேட்டுக்கொண்டு நின்றார். பிறகு கதவைச் சாத்தினார்.