முருங்கை மணந்த பிஸ்கோத்து

அந்த வீட்டில் நான் ஆயா. கூட்டுவது, துடைப்பது, துணி துவைப்பது எல்லாம் என் தலையில். சமையல் மட்டும் ஹைனான் சீனர் ஒருவர் கையில் இருந்தது. அன்றைக்கெல்லாம் பினாங்கில் வெள்ளைக்காரர் வீட்டு அடுப்பென்றால் அது ஹைனான்காரர்களுக்குத்தான் என்று எழுதி வைத்தது போல. எங்கள் துவான், அதாவது எஜமான், கிரேக்க நாட்டுக்காரர், சிகரெட்டு வியாபாரி. ஊரார் கண்ணுக்கு அவரும் வெள்ளைக்காரர்தான்.

கிறிஸ்துமஸுக்கு ஒரு மாதம் இருக்கும்போது அந்தச் சமையல்காரர் துவானோடு சண்டை போட்டுவிட்டு, கத்திகளைத் துணியில் சுற்றிக்கொண்டு போய்விட்டார். சிங்கப்பூருக்கு எழுதி இன்னொரு ஹைனான்காரரை வரவழைக்கப் போவதாகத் துவான் சொன்னார். எனக்குச் சுருக்கென்றது. நான்கு வருஷமாக அந்த அடுப்பின் சாம்பலை அள்ளியவள் நான். கரண்டி பிடிக்க மட்டும் கப்பலேறி ஆள் வரவேண்டுமா? நேரே துவானின் மனைவியிடம் போய் நின்றேன்.

"மெம், நான் சமைக்கிறேன்."

எங்களுக்குள் பேச்சு மலாயில்தான். அவருக்கும் அது அரைகுறை, எனக்கும் அரைகுறை. மெம் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"கிறிஸ்துமஸ் அன்னைக்கு எங்க நாட்டுக் கப்பல் கேப்டன் சாப்பிட வர்றாரு. எங்க பண்டிகை பிஸ்கோத்து வைக்கணும். அது சரியா வந்தா அடுப்படி உனக்கு. வரலைன்னா சிங்கப்பூருக்குக் கடிதம். முடியுமா?"

"போலே!" என்றேன். முடியும் என்று. எனக்கு எப்போதும் வாய்தான் முந்திக்கொள்ளும்.

தோட்டக்கார அண்ணன் விஷயம் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தார். "வாயைக் கொடுத்து மாட்டிக்கிட்டியே தங்கச்சி! அவங்க ஊரு பலகாரத்தக் கண்ணால பாத்திருக்கியா லா?"

"பாத்தா என்ன, பாக்காட்டி என்ன? மாவு, வெண்ணெய், சக்கரை. அதுவும் அடுப்புலதானே வேகுது?"

மெம் கையைக் காலை ஆட்டி விளக்கினார். வெண்ணெயை வெளுக்கும்வரை அடித்து, சர்க்கரையும் பொடித்த பாதாமும் மாவும் சேர்த்துப் பிசைந்து, உருட்டி, தலையில் ஒரு கிராம்பு குத்தவேண்டும். வெந்ததும் பன்னீர் தெளித்து, சர்க்கரைப் பொடியில் புதைக்கவேண்டும். பழைய சமையல்காரர் இரண்டு முறை செய்து இரண்டு முறையும் கெட்டுப்போயிற்றாம். டின் வெண்ணெயில் உப்பு. அதோடு இந்த ஊர்ப் புழுக்கத்தில் எல்லாம் இளகித் தட்டையாகிவிட்டதாம்.

உப்புதானே? வெண்ணெயை உருக்கினால் உப்பு அடியில் தங்கிவிடும், மேலே நிற்பது நெய். நெய் உருக்க எனக்கு யார் சொல்லித் தரவேண்டும்? சட்டியை ஏற்றினேன். நுரை அடங்கும் சமயம் பார்த்து, கொல்லையிலிருந்து ஒரு கொத்து முருங்கை இலையை ஒடித்துவந்து உள்ளே போட்டேன். அது படபடவென்று பொரியாவிட்டால் எங்களுக்கு நெய் இறங்கியதாகக் கணக்கே இல்லை. கை தன் பாட்டுக்குச் செய்துவிட்டது, நான் யோசிக்கக்கூட இல்லை.

கொஞ்சம் பரவித் தட்டையானாலும் பார்வைக்குப் பரவாயில்லாமல் வந்தது. மெம் ஒன்றை எடுத்து, கண்ணை மூடிக்கொண்டு கடித்தார். பிறகு கண்ணைத் திறந்தார்.

"இது என்ன இலை வாடை?"

கடித்த மிச்சத்தைத் தட்டிலேயே வைத்துவிட்டார். நானும் ஒன்றைத் தின்று பார்த்தேன். ருசி என்னவோ அருமைதான், வாயில் வைத்ததும் தீபாவளி வந்துவிட்டது. ஆனால் அவர் கேட்டது என் பண்டிகையை இல்லையே, அவருடையதை அல்லவா? அவமானத்தில் காது சுட்டது. துவானிடம் கடிதம் எழுதச் சொல்ல மெம் கிளம்பிவிட்டார்.

"மெம், இன்னும் ஒரே ஒரு தடவை!" என்று மாடிப்படிவரை பின்னாலேயே போனேன். பெருமூச்சு விட்டார். "சரி, பண்டிகைக்கு முந்தின நாள்வரைக்கும்."

அந்த நாள் காலையில் தணலைக் குறைத்து, வெண்ணெயை நிறம் மாறவிடாமல் உருக்கினேன். கை இரண்டு முறை கொல்லைப் பக்கம் போகப் பார்த்தது. "ஏண்டி, உனக்கு மூளையே கிடையாதா?" என்று என்னையே அதட்டி உட்கார வைத்தேன். வடிகட்டியதும் தோட்டக்கார அண்ணனை விரட்டினேன்.

"அண்ணே, ஐஸ் கட்டி வாங்கிட்டு வாங்க! ஓடுங்க, நடக்காதீங்க!"

மரத்தூள் ஒட்டிய பெரிய கட்டியோடு, வேர்த்து விறுவிறுத்து வந்து சேர்ந்தார். அதை உடைத்துத் தொட்டியில் போட்டு, அதன்மேல் பாத்திரத்தை வைத்து, உறையத் தொடங்கிய நெய்யை வடைக்கு உளுந்து மாவு அடிப்பதுபோல் கையால் அடித்தேன். தோள்பட்டை கழன்று விழுந்துவிடும் போலிருந்தது. விடவில்லை. மஞ்சள் மெல்ல மெல்ல வெளுத்துப் பூவாய்ப் பொங்கியது. பிசைந்து, உருட்டி, கிராம்பு குத்தி, தட்டையும் ஐஸ்மேல் வைத்துக் குளிரவிட்டு, பிறகுதான் அடுப்புப் பெட்டிக்குள் தள்ளினேன். கீழே கொஞ்சம் தணல், மேலே கொஞ்சம் தணல்.

திறந்தபோது ஒன்றுகூடப் பரவவில்லை. அத்தனையும் வைத்தது வைத்தபடி நின்றன. மெம் ஒன்றை வாயில் போட்டு மென்றார். "நாளைக்குக் கேப்டன் சொல்லட்டும்" என்று போய்விட்டார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அம்மியைப் போட்டு உருட்டியிருப்பேன்.

மறுநாள் மதியம் கேப்டன் வந்தார். ஆஜானுபாகு, அடர்ந்த மீசை, உம்மென்ற முகம். கதவிடுக்கில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். முதல் பிஸ்கோத்தைக் கடித்தார், மீசையெல்லாம் வெள்ளைப் பொடி. இரண்டாவதை யாரும் உபசரிக்காமலே எடுத்தார். மூன்றாவதை வாயில் வைத்துக்கொண்டே அவர்கள் பாஷையில் ஏதோ கேட்டார். மெம் வீடே அதிரச் சிரித்து என்னை உள்ளே கூப்பிட்டார்.

"எங்க நாட்டுல எந்தத் தீவுலேருந்து சமையல்காரியக் கூட்டிட்டு வந்தீங்கன்னு கேக்குறாரு!"

துவான் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "இது எங்க ஆயா" என்று ஆரம்பித்தார்.

"ஆயா இல்ல," என்று மெம் வெட்டினார். "தூக்காங் மாசாக்."

சமையல்காரி! நெஞ்சு விம்மிப்போயிற்று எனக்கு. ஜெயித்துவிட்டேன், அதுவும் எல்லார் முன்னாலும்.

கேப்டன் போனபின் மெம் அடுப்படிக்கே வந்துவிட்டார். டப்பாக்களைத் திறந்து திறந்து முகர்ந்தார். "நெய்ய என்ன பண்ணின? சொல்லு."

"அத விடுங்க மெம். இப்ப இது யாரு அடுப்படி?"

"உன்னோடது."

"அப்ப கொஞ்சம் வெளிய இருங்க. எனக்கு வேலை இருக்கு."

மெம் வாயைப் பிளந்துகொண்டு நின்றார். பிறகு, எடுத்த டப்பாவை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு வெளியே போனார்.